ஏற்கெனவே ஒருவரைக் குத்தியவன்: இந்த முறை தண்டனை கூடுமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம். 2023 பிப்ரவரியில் எங்கள் தெருமுனையிலேயே ஒருவன் என் தம்பியை மச்சுக் கத்தியால் வெட்டினான். தடுக்கக் கையைத் தூக்கியதில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. தம்பி எலெக்ட்ரீஷியன். வெட்டியவன் மேல் ரவுடி ஷீட் இருக்கிறது. 2017 இல் வேறு ஒருவரைக் குத்திய கேஸில் இரண்டு வருடம் தண்டனை ஆனது. இன்னும் மூன்று கேஸ் நடக்கிறது. நான் சாட்சி சொல்லும்போது இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன், ஜட்ஜ் நிறுத்திவிட்டார். இப்போது வாதம் முடியப் போகிறது. பழைய தண்டனையைப் பார்த்து இந்த முறை அதிகம் கொடுப்பார்களா? குறைவாகக் கொடுத்தால் நாங்கள் அப்பீல் போகலாமா? அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். அவன் ஆட்கள் எங்கள் கடை முன்னால் வந்து நின்று முறைத்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் மூன்றாவது தடவை என்றால் ஆயுள் தண்டனையாமே, இங்கே ஏன் இல்லை என்று என் கணவர் கேட்கிறார். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது கடைசி வரிகள்தான். ஆட்கள் கடை முன்னால் வந்து நிற்பதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் தண்டனை விஷயம்.

நீங்கள் சாட்சிக் கூண்டில் பழைய கதையைச் சொன்னபோது நீதிபதி நிறுத்தியது உங்களை அவமதிக்க அல்ல. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் கெட்ட நடத்தையைச் சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது. அவர் தரப்பே ‘இவர் நல்லவர்’ என்று சாட்சி கொண்டுவந்தால் மட்டும் அந்தக் கதவு திறக்கும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே விதி இருக்கிறது. 2017 இல் ஒருவரைக் குத்தியவன் என்பதால் 2023 இல் உங்கள் தம்பியையும் இவன்தான் வெட்டியிருப்பான் என்று நீதிபதி முடிவு கட்டிவிடக் கூடாது. வெட்டினானா இல்லையா என்பது அன்றைய சம்பவத்தை வைத்து மட்டும் நிரூபணமாக வேண்டும். நீங்கள் சொன்னதை அன்று பதிவு செய்திருந்தால், நாளை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு தீர்ப்பை ஆட்டியிருக்கும். அன்று உங்களை நிறுத்தியது உங்கள் வழக்குக்கு நல்லதே செய்திருக்கிறது.

பழைய தண்டனை பேச வேண்டிய இடம் வேறு. நீதிபதி ‘குற்றவாளி’ என்று சொன்ன பிறகு, எவ்வளவு தண்டனை என்று கேட்கத் தனியாக ஒரு விசாரணை இருக்கிறது. குற்ற விசாரணை முறைச் சட்டம் 235(2) பிரிவு. உங்கள் வழக்கு 2024 ஜூலைக்கு முன்பே விசாரணையில் இருந்தது என்பதால் பழைய சட்டப்படியே முடியும். எனவே நான் சொல்லும் எண்கள் பழைய சட்டத்தின் எண்கள்.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதிகமாகக் கோட்டை விடுகிற இடம் அது. கெம்பேகவுடா சாலை கோர்ட் வளாகத்தில் ஒரு செஷன்ஸ் ஹால். காலையில் தீர்ப்பின் முடிவுப் பகுதியை வாசிப்பார்கள். குற்றவாளி என்றதும் போலீஸ்காரர் ஒருவர் அந்த ஆள் பக்கத்தில் வந்து நிற்பார். அன்று மதியமோ மறுநாளோ தண்டனை பற்றிக் கேட்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘வயதான தாய், இரண்டு குழந்தைகள், வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள், இளம் வயது, கருணை காட்ட வேண்டும்’ என்பார். அவர் கடமை அது. அடுத்து அரசு வழக்கறிஞர். கையில் ஒன்றும் இல்லையென்றால் ‘உச்சபட்ச தண்டனை கொடுக்க வேண்டும்’ என்ற ஒரே வரியோடு உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 2017 தீர்ப்பின் சான்றிட்ட நகல் அந்தப் பத்து நிமிடத்தில் மேஜைக்கு வரவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அந்த ஆள் முதல்முறை தவறியவர்தான். நீதிபதிக்கு ஊர்ப் பேச்சு தெரியாது, தெரிந்தாலும் எழுத முடியாது.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியது, அந்தத் தீர்ப்பைக் கண்டுபிடிப்பது. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டே வழக்கைத் தேடலாம், காசு கிடையாது. வழக்கு எண், கோர்ட் எண், தீர்ப்புத் தேதி கிடைத்தால் ஒரு தாளில் எழுதி அரசு வழக்கறிஞரிடமும் உங்கள் காவல் நிலையத்தின் கோர்ட் கான்ஸ்டபிளிடமும் கொடுங்கள். சான்றிட்ட நகலை எடுத்துவர வேண்டியது போலீஸின் வேலை. நகல் மட்டும் போதாது. 2017 இல் தண்டனை பெற்றவரும் இப்போது கூண்டில் நிற்பவரும் ஒரே ஆள்தான் என்பதையும் காட்ட வேண்டும். குற்ற விசாரணை முறைச் சட்டம் 298 இதைத் தெளிவாகச் சொல்கிறது: கோர்ட் அதிகாரி கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் அல்லது ஜெயில் அதிகாரியின் சான்று, அதோடு ஆள் அடையாளச் சாட்சியம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கிற பேட்டையில் இது சின்ன விஷயம் இல்லை. தகப்பன் பெயரும் விலாசமும் பொருந்தாமல் பழைய தீர்ப்பு ஒதுக்கப்படுவதும் உண்டு.

‘அந்த 2017 தண்டனை அப்பீலில் இருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறார்கள்’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். தண்டனையை நிறுத்தி வைப்பது வேறு, தீர்ப்பு ரத்தாவது வேறு. அப்பீலில் விடுதலை ஆகும்வரை குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கிறது. நீதிபதி கொஞ்சம் கவனமாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சரி, நகல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தண்டனை தானாகக் கூடுமா? இங்கேதான் நம் சட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 75ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெற்றவர் மறுபடி செய்தால் ஆயுள் வரையோ பத்து வருடம் வரையோ கொடுக்கலாம் என்கிறது. ஆனால் எதற்கு? நாணயம், முத்திரை சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கும், திருட்டு, வழிப்பறி, கொள்ளை போன்ற சொத்துக் குற்றங்களுக்கும் மட்டும், அதுவும் மூன்று வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ளவற்றுக்கு. மறுபடி மறுபடி ஆளை வெட்டுகிறவர் இந்தப் பிரிவுக்குள் வரவே மாட்டார். 1860 இல் எழுதியவர்களுக்கு மனித உடம்பை விடப் பெட்டியும் பணமும் பெரிதாகப் பட்டிருக்கிறது. 2023 இல் புதிதாக எழுதிய பாரதிய நியாய சன்ஹிதாவும் 13ஆம் பிரிவில் இதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

உடல்மீதான குற்றங்களில் ‘மறுபடி செய்தால் இவ்வளவு’ என்று சட்டமே சொல்லும் இடங்கள் குறைவு. பாலியல் வன்கொடுமையில் 2013 இல் அப்படி ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: இயற்கையான ஆயுள் முழுவதும் சிறை, அல்லது மரணம். மும்பை சக்தி மில்ஸ் வழக்கில் 2014 இல் மூன்று பேருக்கு இதன்கீழ் தூக்கு விதித்தார்கள். 2021 இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உயிர் உள்ளவரை சிறை என்று மாற்றியது. ஆயுள் கைதி ஒருவர் கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்று பழைய சட்டத்தில் இருந்த பிரிவை உச்ச நீதிமன்றம் 1983 இல் செல்லாது என்றது. நீதிபதிக்கு யோசிக்கவே இடம் கொடுக்காத தண்டனை நியாயமாகாது என்பது அதன் சாரம்.

உங்கள் வழக்கில் பாதை வேறு. தம்பிக்கு நடந்தது கொலை முயற்சி, 307ஆம் பிரிவு என்றுதான் குற்றப்பத்திரிகை இருக்க வேண்டும். அந்தப் பிரிவில் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரை கொடுக்கலாம். கொடுங்காயத்துக்கான 326 இலும் ஆயுள் வரை இடம் இருக்கிறது. மேல் எல்லை ஏற்கெனவே வானம் வரை போகிறது, கீழே எல்லையே இல்லை. மூன்று வருடமும் சட்டப்படி சரி, பத்து வருடமும் சட்டப்படி சரி. இடையில் எங்கே நிற்பது என்பது முழுக்க நீதிபதியின் முடிவு. இதற்கு வழிகாட்டு விதிகள் நம் நாட்டில் இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2008 இல் பிரேம் சாகர் வழக்கிலும் பிறகு சோமன் வழக்கிலும் குறைபட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே மாதிரிக் காயத்துக்கு ஒரு ஹாலில் ஏழு வருடம், பக்கத்து ஹாலில் மூன்று வருடம் என்று வருவது இதனால்தான். இப்படிப்பட்ட இடத்தில் நிரூபணமான பழைய தண்டனைக்கு உண்மையிலேயே கனம் உண்டு. ஒரு தடவை சிறைக்குப் போய்வந்தும் ஆயுதம் எடுத்தார், அதே மாதிரிக் குற்றம், இடைவெளி ஆறே வருடம் என்று அரசு வழக்கறிஞர் காட்டினால், ‘இளம் வயது, கருணை’ என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. நன்னடத்தையில் விடும் சலுகை, ஆயுள் வரை இடமுள்ள இந்தப் பிரிவுகளுக்கு எப்படியும் கிடையாது.

நடந்துகொண்டிருக்கும் மூன்று கேஸ்கள்? அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தில் மூன்று வயதுக் குழந்தையைச் சிதைத்துக் கொன்ற ராஜேந்திர வாஸ்னிக் என்பவருக்கு உச்ச நீதிமன்றம் வரை தூக்கு உறுதியானது. அவர்மேல் வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தன. 2018 டிசம்பரில் மறுசீராய்வில் மூன்று நீதிபதிகள், தீர்ப்பாகாத வழக்குகளைத் தண்டனைக்குக் காரணமாகச் சேர்த்தது தவறு என்றார்கள். தூக்கை மாற்றி, வாழ்நாள் முழுவதும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். அவ்வளவு கொடூரமான வழக்கிலேயே அந்த விதியைத் தளர்த்தவில்லை என்றால், நம் வழக்கில் தளர்த்துவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த மூன்றில் ஏதாவது ஒன்று உங்கள் தீர்ப்புக்கு முன் தண்டனையில் முடிந்தால், அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதனால் அந்த வழக்குகளின் வாய்தா தேதிகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ரவுடி ஷீட்டும் இதே கணக்குதான். அது போலீஸ் தன் கண்காணிப்புக்காக வைத்திருக்கும் பதிவு, எந்தக் கோர்ட்டும் விசாரித்துச் சொன்ன தீர்ப்பு அல்ல. தண்டனைக்கு அது உதவாது, உதவவும் கூடாது என்று நினைக்கிறேன். பிறந்த சாதியை வைத்தே மக்களைக் குற்றவாளிகள் என்று பட்டியல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. அதை எதிர்த்ததற்குத்தான் 1920 இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பட்டியலை வைத்துத் தண்டிக்க ஆரம்பித்தால் அதில் யார் பெயர் ஏறும் என்று நம் பேட்டைப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கணவர் கேட்டதற்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1994 இல் வந்த ‘மூன்று முறை’ சட்டப்படி, முன்பே கடுமையான குற்றங்களில் இரண்டு முறை தண்டனை பெற்றவர் மூன்றாவதாக என்ன பெரிய குற்றம் செய்தாலும் இருபத்தைந்து வருடம் முதல் ஆயுள் வரை. கேரி யூயிங் என்பவர் ஒரு கடையிலிருந்து மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடினார். அதற்கு இருபத்தைந்து வருடம் முதல் ஆயுள் என்று தண்டனை. 2003 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. பிறகு அந்த மாநில மக்களே 2012 இல் வாக்களித்து, மூன்றாவதும் வன்முறையோ கடுமையான குற்றமோ ஆக இருந்தால்தான் ஆயுள் என்று திருத்தினார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற சட்டம் ஆளையும் காயத்தையும் பார்க்காது. நமக்குத் தேவை வழிகாட்டு விதிகள், கட்டாயத் தண்டனை அல்ல.

பெங்களூருவில் எல்லோருக்கும் தெரிந்த, பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் தூக்கு விதிக்கப்பட்ட உமேஷ் ரெட்டியின் வழக்கைப் பற்றியும் பலர் என்னிடம் கேட்பதுண்டு, ‘அத்தனை செய்தவருக்கே தூக்கை ரத்து செய்துவிட்டார்களே’ என்று. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கை மாற்றியதற்குக் காரணம் குற்றத்தில் சந்தேகம் அல்ல, பழைய குற்றங்களை மறந்ததும் அல்ல. சட்டத்தில் இடமே இல்லாமல் அவரை ஆண்டுக்கணக்கில் தனிமைச் சிறையில் வைத்திருந்தார்கள். அதற்காகத் தூக்கைக் குறைத்த கோர்ட், குறைந்தது முப்பது வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்றும் எழுதியது. இப்படி ‘இத்தனை வருடம் விடவே கூடாது’ என்று ஆயுள் தண்டனைக்கு வரம்பு போடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2015 இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. உங்கள் செஷன்ஸ் நீதிபதியிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

இனி அப்பீல். தண்டனை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போட முடியாது. மகனைப் பறிகொடுத்த ஒரு டெல்லித் தகப்பன் கேட்டபோதும் உச்ச நீதிமன்றம் 2020 இல், பர்விந்தர் கன்சல் வழக்கில், இதையேதான் சொன்னது. அந்த அப்பீலை அரசு மட்டும், குற்ற விசாரணை முறைச் சட்டம் 377ஆம் பிரிவின்கீழ், போடலாம். எனவே தண்டனை மிகக் குறைவாக வந்தால் உடனே தீர்ப்பு நகலோடு அரசு வழக்கறிஞருக்கும் வழக்குத் தொடர்வு இயக்குநருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். கணக்கு அறுபது நாள், அதற்குள் கோப்பு நகர வேண்டும். ஆனால் வேறு மூன்று காரணங்களுக்கு நீங்களே, யாருடைய அனுமதியும் இல்லாமல், அப்பீல் போகலாம்: விடுதலை ஆகிவிட்டால், சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தால், இழப்பீடு குறைந்தால். யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதை 2018 இல் உறுதி செய்ததே ஒரு கர்நாடக வழக்கு, மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கு. இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். 307 ஐ விட்டுவிட்டுச் சாதாரண ஆயுதக் காயம் என்று 324 இல் மட்டும் தண்டித்தால், அதன் உச்சபட்சமே மூன்று வருடம்தான். அப்போது உங்கள் அப்பீலுக்கு வழி திறக்கிறது.

இழப்பீட்டைப் பலரும் பேசுவதே இல்லை. ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு வலது கையில் இரண்டு விரல் என்பது பிழைப்பு. குற்ற விசாரணை முறைச் சட்டம் 357ஆம் பிரிவில் கோர்ட் குற்றவாளியிடமிருந்து இழப்பீடு வாங்கித் தரலாம். அது போதாதென்றால் 357ஏ வழியாகச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் பரிந்துரைக்கலாம். இழப்பீடு பற்றி ஒவ்வொரு குற்ற வழக்கிலும் நீதிபதி யோசித்தே ஆக வேண்டும் என்று 2013 இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, ஊனச் சான்றிதழ், தம்பி முன்பு சம்பாதித்ததற்கு ஏதாவது எழுத்து, எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். உங்கள் சார்பில் ஒரு வக்கீலை வைத்து, அரசு வழக்கறிஞருக்குத் துணையாக எழுத்துப்பூர்வ வாதம் தாக்கல் செய்ய அனுமதி கேட்கலாம். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்பதால் வருமானம் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவிக்கு உரிமை இருக்கிறது. சித்தையா சாலை நியாய தேகுலா கட்டடத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது, அல்லது 15100 க்கு அழையுங்கள்.

கடைசியாக, கடை முன்னால் நிற்கும் ஆட்கள். ‘ஒன்றும் பேசவில்லையே, முறைத்துவிட்டுத்தானே போகிறார்கள்’ என்று விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், யார், எந்த வண்டி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடையில் கேமரா இருந்தால் அந்தப் பதிவை அழியாமல் தனியாக எடுத்து வையுங்கள். இதை வைத்து ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசு வழக்கறிஞர் மனு போடலாம், நீங்களும் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் குரலை ஜாமீன் விஷயத்திலும் கேட்டாக வேண்டும் என்று 2022 இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018 இன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்பு கேட்டும் மனு கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும். மறுபடி குற்றம் செய்யக் கூடியவர் என்று பிணை எழுதி வாங்கும் அதிகாரமும், ஊரை விட்டு வெளியேற்றும் கடிபார் நடவடிக்கையும் போலீஸ் கையில் இருக்கின்றன. ரவுடி ஷீட்டுக்குப் பயன் உண்டென்றால் அங்கேதான். உங்கள் புகாரை டிசிபி (துணைக் காவல் ஆணையர்) அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, கூடவே கன்னடத்தில் ஒரு பிரதி வைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வாதம் முடிவதற்குள், அடுத்த வாய்தாவுக்கு முன்னாலேயே, 2017 வழக்கின் எண்ணோடு அரசு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் அந்தக் கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.